அமுங்காத தலையணை

என் மாமியாருக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. செத்த பிறகு மாமாவுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். டாக்டர்கள் கையை விரித்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சு. தட்டை நீட்டினாலும் இடம் என்னாச்சு, மாத்திரையைக் கொடுத்தாலும் இடம் என்னாச்சு. என்னவோ நான்தான் அந்த இடத்தைக் கைப்பையில் ஒளித்துவைத்திருப்பதுபோல.

இடத்தில்தான் சிக்கல். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் மாமாவுக்கு ஒரு பக்கம் மதில், மறுபக்கம் சப்பைக்கல். ஊரே அதற்கு வைத்த பெயர் அது. எந்தக் காலத்துக் கல்லறையோ, யாருக்கும் தெரியாது. முழங்கால் உயரத்தில் ஒரு மேடை, அதன்மேல் இருவர் படுக்கும் கட்டில் அகலத்துக்கு ஒரு பலகைக்கல், முழுக்கப் பாசி. பெயர் கிடையாது, சிலுவைகூடக் கிடையாது. ஆராதனை முடிந்து வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்து மாட்டுவார்கள். நானும் மாட்டியிருக்கிறேன்.

கல்லுக்கு அந்தப் பக்கம் இடம் தருவதாகப் பாதிரியார் சொல்லிப் பார்த்தார். நடுவில் யாரோ முன்பின் தெரியாத ஆள் கிடக்க, தான் அப்பால் போய்க் கிடக்க முடியாது என்று அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டார். பிறகென்ன, நான் பாதிரியார் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒருநாள் அவர் வாசலிலேயே அழுதும் வைத்தேன். கல்லை எடுத்துவிடலாம், அடியில் இருப்பவரைத் தொடாமல் மேல்மண்ணில் அத்தைக்கு இடம் செய்யலாம் என்று அரை மனதாக ஒத்துக்கொண்டார். என் தொல்லை தாங்காமல்தான்.

குழி வெட்டுகிறவரை எல்லோரும் கடப்பாரை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது முழுசாக வராது, மூன்று நான்கு துண்டாக உடைத்துத்தான் எடுக்க முடியும் என்றார். உடைந்தால் உடையட்டும் என்றேன். ஒரு சப்பைக்கல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு எரிச்சல்.

அவருக்குப் பகலில் வேறு வேலை இருந்ததால் சாயங்காலம் வைத்துக்கொண்டோம். நான் எலக்ட்ரிசியன், வெளிச்சம் என் பொறுப்பு. வீட்டில் இருங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அத்தை சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்களை நம்பி எதையும் விட முடியாதாம்.

எங்கே அடிப்பது என்று பார்ப்பதற்காகக் கடப்பாரை பாசியைச் சுரண்டித் தண்ணீர் விட்டுக் கழுவினார். நான் விளக்குத் தாங்கியை நிறுத்தினேன். ஈர மண்ணில் அதன் ஒரு கால் இறங்கியது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி சாய்ந்தது. எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. சனியனே என்று திட்டிவிட்டு விளக்கைக் கழற்றிக் கல்லின் ஓரத்திலேயே படுக்கவைத்து சுவிட்சைப் போட்டேன்.

வெளிச்சம் கல்லின்மேல் தவழ்ந்து போனது. அங்கே ஒரு பெண் படுத்திருந்தாள்.

ஒரு நொடிக்கு முன்னால் ஒன்றுமே இல்லாத கல். இப்போது அதில் மூடிய கண்கள், காதோரம் சுருண்ட முடி, கால்வரை இறங்கும் துணியின் மடிப்புகள், துணிக்கடியில் கால்விரல்களின் மேடுகூட. தேய்ந்து தேய்ந்து காகித கனம்தான் மிச்சம், ஆனாலும் எல்லாம் இருந்தது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும்; அங்கேயோ காலை வெயிலை மதில் மறைக்கும், மாலை வெயிலைக் கோபுரம் மறைக்கும். உச்சி வெயிலில் மட்டும் பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாக அவள்மேல் உட்கார்ந்து செருப்பு மாட்டியிருக்கிறோம். கடப்பாரை தன் கையில் இருந்த சம்மட்டியைச் சத்தமில்லாமல் புல்லில் வைத்தார்.

அத்தை நாற்காலியை நெருக்கித் தள்ளச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"பாத்தியா, உங்க மாமா பக்கத்துல இத்தனை வருஷமா ஒரு பொம்பளை படுத்திருந்திருக்கா. மனுஷன் கனவுல வந்துகூட ஒரு வார்த்தை சொல்லல."

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. அவர் பார்வை கல்லின் மறுபாதிக்குப் போயிருந்தது. அங்கே ஆளே இல்லை. ஒரு தலையணை மட்டும் செதுக்கியிருந்தது. அந்தப் பெண்ணின் தலையணை தலையின் பாரத்தில் நடுவில் அமுங்கியிருந்தது. மற்றது அமுங்காமல் உப்பலாக இருந்தது. அவளுடைய ஒரு கை அந்தப் பக்கம் நீண்டு, உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. கையைக் கொடு என்று யாரிடமோ கேட்கிற மாதிரி.

அந்த இடம் புருஷனுக்கோ, பிள்ளைக்கோ, யாருக்கென்று வைத்தார்களோ. அவர் வரவில்லை. செதுக்கியவனும் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

அத்தை குனிந்து அந்தக் கல் கைக்குள் தன் கையை வைத்தார். சரியாகப் பொருந்தியது.

"இதை உடைக்க வேண்டாம்."

"அப்ப மாமா பக்கத்துல…" என்று ஆரம்பித்தேன். அவருடைய ஆசைக்காகத்தானே இவ்வளவு நாள் பாதிரியாரைப் பகைத்துக்கொண்டு அலைந்தேன். அதை அவரே தள்ளிவிடுவதை என்னால் தாங்க முடியவில்லை.

"அவருக்கு நான் இருந்தேன்மா. நாப்பது வருஷம் கூடவே இருந்தேன். எட்டடி தள்ளிப் படுத்தா இப்ப செத்தா போயிடுவேன்?"

நாற்காலியை மெதுவாகத் திருப்பச் சொன்னார். கல்லுக்கு அந்தப் பக்கம், அமுங்காத தலையணையை ஒட்டியிருந்த வெறுந்தரையைக் கையால் காட்டினார்.

"என்னை இந்தப் பக்கம் வைங்க. இவளுக்குத்தான் யாரும் வரல."