பச்சை நூல் வாரம்

சனிக்கிழமை வகுப்பின் முதல் நாள் முடிந்து வந்த மதியம், என் கணவர் சாப்பாட்டு மேசையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். காகிதம், என் வார்டில் கழித்துப்போட்ட காய்ச்சல் அட்டவணையின் பின்பக்கம். ஒரு வட்டத்துக்குள் ‘தட்டுப்பாடு’ என்று எழுதினார். இன்னொன்றில் ‘பயம்’. மூன்றாவதில் ‘பதுக்கல்’. மூன்றையும் அம்புக்குறிகளால் இணைத்து, கடைசி அம்பை முதல் வட்டத்திலேயே கொண்டுவந்து சேர்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வருது?”

“அதுதாம்மா பாடமே.”

“இதுக்கா எட்டு சனிக்கிழமை?”

“இன்னைக்கு வட்டம். அடுத்த வாரம் தொட்டி.”

“நீச்சலும் உண்டா?” என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். நான் அந்த மூன்றாவது வட்டத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தேன்.

அவர் எங்கள் மருத்துவமனையில் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். நான் அங்கேயே மூன்றாம் மாடியில், ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் ஹெட் நர்ஸ். வீட்டில் கணவன் மனைவி. அங்கே அவருக்கு நான் ‘சிஸ்டர்’, எனக்கு அவர் ‘சார்’. இருபத்திரண்டு வருடத்தில் அது ஒருநாளும் மாறியதில்லை. “சார், இன்னும் ஷீட்டு வரல” என்று போனில் கேட்பேன். “அனுப்பறோம் சிஸ்டர்” என்பார். சாயங்காலம் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போவோம். பேருந்தில் ஷீட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எங்களுக்குள் சொல்லாமலே ஏற்பட்ட உடன்பாடு. மகள் பிறப்பதற்கு முன்பே ஏற்பட்டது.

மருத்துவமனையில் நானூறு படுக்கைகள். வாங்கிய கணக்குப்படி விரிப்புகள் இரண்டாயிரத்துக்கு மேல். ஆனால் எந்தக் காலையிலும் கீழ்த்தளத்துச் சலவை அலமாரியில் முந்நூறு தேறாது. வருடத்துக்கு ஒருமுறை புதிதாக முந்நூறு வாங்குவார்கள். இரண்டு மாதத்தில் அவையும் எங்கேயோ போய்விடும். கிழிந்து கழித்தவை போக மீதியெல்லாம் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. பழைய எக்ஸ்ரே உறைகளுக்குப் பின்னால் இருந்தன. நோயாளியின் மெத்தைக்கு அடியில் இன்னொரு மடிப்பாக இருந்தன. ஒரு வார்டில் ‘பழுது’ என்று அட்டை மாட்டிய கழிவறைக்கு நான்கு வருடமாகப் பூட்டு. அதில் பழுது எதுவும் இல்லை. என்னுடையவை மாவுக்கட்டுப் போடும் அறையின் இரும்பு அலமாரியில், கீழ்த்தட்டில் இருந்தன. நாற்பத்தாறு. சாவி என் சட்டைப்பையில், சங்கிலியில் தொங்கும் கடிகாரத்துக்குக் கீழே.

நிர்வாக அதிகாரி எதற்கும் கெடு வைத்துப் பேசுகிறவர். என் கணவரைக் கூப்பிட்டு, “எட்டு வாரம் பாப்போம். அதுக்குள்ள எந்த வார்டும் ஷீட்டு இல்லன்னு போன் பண்ணக் கூடாது. பண்ணினா லாண்டரிய வெளி ஆளுங்ககிட்ட விட்டுடலாம்” என்று சொல்லிவிட்டார். வெளியே விட்டால் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு பேருக்கு வேலை போகும், அவரையும் சேர்த்து. சொன்ன கையோடு, சிக்கலான வேலைகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் ஒரு சனிக்கிழமை வகுப்புக்கும் அவர் பெயரைக் கொடுத்திருந்தார். தண்ணீரில் தள்ளியும் விட்டுவிட்டு நீச்சல் புத்தகமும் கொடுத்த மாதிரி. வகுப்புக்கு ‘சிஸ்டம்ஸ் திங்கிங்’ என்று பெயர். நீராவி இஸ்திரி எந்திரத்தில் வேலை செய்பவர், முன்பல் இடைவெளி வழியாகக் காற்று விட்டுப் பேசுவதால் ‘நீராவி’ என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது, கேட்டாராம்: “சிஸ்டம்னா கம்ப்யூட்டர்தான சார்? நம்மகிட்ட இல்லாத ஒண்ணு அதுதான?”

என் கணவரும் அப்படி நினைத்துத்தான் வகுப்புக்குப் போனார். ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து அவர் வேறு மாதிரி ஆகிவிட்டார். குளியலறையில் சுடுதண்ணீர் வரத் தாமதமானால் நான் குழாயை இன்னும் திருகுவேன், இன்னும் திருகுவேன், பிறகு கொதிக்கக் கொதிக்க வந்து கையைச் சுட்டுக்கொண்டு கத்துவேன். பல வருடப் பழக்கம். ஒருநாள் காலை கதவுக்கு வெளியே நின்று, “திருகாத. தண்ணி கெளம்பிடுச்சு, வழியில இருக்கு. அதுதான் தாமதம். அதை நம்பாமதான் நாம எல்லாத்தையும் கெடுத்துக்கறோம்” என்றார்.

“தள்ளிப் போங்க, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு” என்றேன். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மிதமான சூட்டில்தான் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் கண்டுபிடித்த வேலை நூல் போடுவது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெளுத்து வரும் விரிப்புகளில் நூறை எடுத்து, ஓரத்து மூலையில் ஒரே ஒரு தையல், வாரத்துக்கு ஒரு நிறம். முதல் வாரம் சிவப்பு, அடுத்தது நீலம். எத்தனை நாளில் எத்தனை அழுக்குக் கூடைக்குத் திரும்பி வருகின்றன என்று எண்ணி, கீழ்த்தளத்துச் சுவரில் ஒட்டிய கட்டம் போட்ட தாளில் அந்தந்த நிறப் பென்சிலால் கோடு இழுப்பது. வெளியே நூறு இருந்தால் கோடு மேலே இருக்கும். எல்லாம் திரும்பிவிட்டால் தரையைத் தொடும். நான்கு நாளில் தொட வேண்டிய சிவப்புக் கோடு, இரண்டு வாரம் ஆகியும் பாதியில் தொங்கியது.

மூன்றாவது சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் ஒரு வேண்டுகோளுடன் வார்டு வார்டாக ஏறி இறங்கினார். ஒரு நாள் குறித்திருக்கிறாராம். அன்று யார் எவ்வளவு கொண்டுவந்து கொடுத்தாலும் ஒரு கேள்வி கிடையாது. மறுநாளிலிருந்து காலையும் மாலையும் கேட்காமலே விரிப்பு வரும். என் வார்டுக்கும் வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, மற்றவர்களிடம் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னார். “யாராவது ஒருத்தர் முதல்ல குடுக்கணும் சிஸ்டர். அவ்ளோதான் கஷ்டம்.”

குறித்த நாளில் நான்தான் முதலில் கொடுத்தேன். நாற்பத்தாறையும் தள்ளுவண்டியில் அடுக்கி, எல்லோரும் பார்க்க லிஃப்டில் இறக்கினேன். அவர் எண்ணவில்லை. “நன்றி சிஸ்டர்” என்றார், காது மட்டும் சிவந்திருந்தது. அன்று மாலைக்குள் எழுநூற்று நாற்பது வந்து சேர்ந்தன. ஒன்பது வருடத்துக்கு முந்தைய முத்திரையோடு வந்தவையெல்லாம் உண்டு. நீராவி ஒன்றை விரித்துப் பிடித்து, “இது சின்ன வயசுல காணாமப் போன என் தம்பி மாதிரி இருக்கு” என்றாராம்.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு எந்திரம் நின்றுபோய், காலை விரிப்பு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. வரத்தான் செய்தது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நான் மூன்று முறை லிஃப்ட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புதன்கிழமை காலை வந்த கட்டிலிருந்து இருபதை எடுத்து மாவுக்கட்டு அறைக்குக் கொண்டுபோனேன். அலமாரியில் வைத்து நிமிர்ந்தபோதுதான் மூலைகளில் அந்த வாரத்துப் பச்சைத் தையல் தெரிந்தது. இருபதிலும். அப்போதும் திருப்பி எடுத்து வைத்திருக்கலாம். பூட்டினேன்.

அதற்குக் காரணம் உண்டு. பதினொரு வருடத்துக்கு முன்பு, வயிற்றில் அறுவை நடந்த ஒரு லாரி ஓட்டுநர் என் வார்டில் இருந்தார். கடைசி நாளில் விரிப்பு நனைந்துபோய் எடுத்துவிட்டோம், மாற்று இல்லை. வெறும் ரெக்ஸின் மெத்தையில் கிடந்தார். “சிஸ்டர், ஒரு துணி போடுங்க, முதுகு ஒட்டுது” என்று இரண்டு முறை கேட்டார். நான் எல்லா வார்டுக்கும் போன் செய்தேன். எல்லோரும் இல்லை என்றார்கள். மாலை மூன்றரைக்குப் போய்விட்டார். தூக்கும்போது முதுகு ரெக்ஸினிலிருந்து பிரிந்த சத்தம் இருக்கிறதே, அதை நான் எந்த அட்டவணையிலும் எழுதவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் அது யார்மேல் போய் விழும்? அன்று நான் கடைசியாகப் போன் செய்தது சலவைப் பிரிவுக்கு. “அனுப்பறோம் சிஸ்டர்” என்று சொன்ன குரல் என் கணவருடையது.

சிவப்பும் நீலமும் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டன. பச்சை ஐந்தே நாளில் எண்பது இறங்கியது. பிறகு இருபதில் நின்று, நேர்க்கோடாகப் போக ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தார்.

“பச்சையில இருபது வரல.”

“கிழிஞ்சிருக்கும்.”

“இருபதும் சொல்லி வெச்ச மாதிரியா?”

“ஏன் என்னையே பாக்குறீங்க?”

“வேற யாரைப் பாக்கறது? வீட்டுல இப்போ நீதான இருக்க.” சிரித்தார். பிறகு தட்டில் விரலால் ஒரு வட்டம் போட்டபடி சொன்னார்: “எங்க வாத்தியார் சொல்வாரு. யாருன்னு கேட்டா ஒளிப்பாங்க, ஏன்னு கேட்டா சொல்வாங்க.”

காத்திருந்தார். சுடுதண்ணீருக்குக் காத்திருப்பது போல, அவசரமில்லாமல். வாய்வரை வந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியெல்லாம் பயமில்லை, அவர் முகம் எப்படி மாறும் என்பதில்தான். தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஏழாவது வாரம், வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. வார்டு போன் அடித்தது. நீராவி. காற்று மட்டும் வந்தது முதலில், பிறகு வார்த்தை. “சிஸ்டர், சார் விழுந்துட்டாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அப்படியே... எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போறோம்.”

படிக்கட்டு இடது பக்கம். நான் வலது பக்கம் ஓடினேன். யோசித்து ஓடவில்லை; கால் ஓடியது. மாவுக்கட்டு அறை, சட்டைப்பை, சாவி, அது கடிகாரச் சங்கிலியில் சிக்கிக்கொண்டது, பூட்டு, கீழ்த்தட்டு. ஒரு விரிப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். அவசரச் சிகிச்சை அறையின் கதவைத் தள்ளியதும் என் கண்ணில் முதலில் பட்டது அவர் இல்லை. சுவரோரத் தட்டு. அதில் வெளுத்து மடித்த விரிப்புகள் என் தோள் உயரத்துக்கு அடுக்கி இருந்தன. அவர் படுத்திருந்த கட்டிலில் புது விரிப்பு, நான்கு மூலையும் ஒழுங்காக மடித்துச் செருகி. டாக்டர் அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார்.

“இப்பதான் சிஸ்டர்” என்றார் அங்கிருந்த நர்ஸ். “ரெண்டு நிமிஷம் இருக்கும்.”

நீராவி சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். “சிஸ்டர் எங்கன்னு ஒரு தடவ கேட்டாரு” என்றார். கடைசியிலும் என்னை அப்படித்தான் கேட்டிருக்கிறார். வேலை நேரம் அல்லவா?

மாவுக்கட்டு அறைக்குப் போய்வர எவ்வளவு ஆகும் என்று பிறகு ஒருநாள் நடந்து பார்த்தேன். சாவி சிக்காவிட்டால் மூன்று நிமிடம். சிக்கினால் நான்கு.

எட்டாவது வாரம் முடிந்தபோது நான் வீட்டில் இருந்தேன். நிர்வாக அதிகாரி கீழ்த்தளத்துக்கு வந்து அலமாரியைப் பார்த்துவிட்டு, “இன்னும் மூணு மாசம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனதாக மகள் கேட்டுவந்து சொன்னாள். சாப்பாட்டு மேசையில் டம்ளர் கவிழ்ந்தபடியே இருந்தது. நாங்கள் இருவருமே அதை நிமிர்த்தவில்லை.

பதினோராவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள் மதியமே இருபதையும் தள்ளுவண்டியில் வைத்துக் கீழே இறக்கினேன். இந்த முறை யாரும் பார்க்கவில்லை. எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீராவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், ஒரு மூலையைப் புரட்டினார், பச்சைத் தையலைப் பெருவிரலால் தடவினார். பிறகு எண்ணினார். மெதுவாக, ஒவ்வொன்றாக.

“இருபது” என்றார். “சரியா இருக்கு சிஸ்டர்.”

சுவரில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. பச்சைக் கோடு இருபதில் நீண்டு, அவருக்குப் பிறகும் யாரோ இழுத்து, எட்டாவது வாரத்தில் தாளின் விளிம்பில் போய் முடிந்திருந்தது. அதன்மேல் பென்சிலால், அவர் கையெழுத்தில், சின்னதாக ‘ஏன்?’ என்று இருந்தது. வார்டு எண் எதுவும் இல்லை.

“இதுல எடம் இல்லையே” என்றார் நீராவி. இழுப்பறையில் தேடி இன்னொரு கட்டத்தாளை எடுத்து, கட்டம் கட்டத்தோடு சேரும்படி பக்கத்தில் வைத்து ஒட்டினார். பச்சைப் பென்சிலின் முனை உடைந்திருந்தது. பிளேடால் சீவத் தொடங்கினார். சீவல் சுருள்கள் என் செருப்பின்மேல் விழுந்தன.

“பதினொரு வருஷம் முன்னாடி, என் வார்டுல ஒரு டிரைவர் இருந்தாரு” என்றேன்.

எந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. தலையை நிமிர்த்தாமல், “சொல்லுங்க சிஸ்டர்” என்றார். பென்சிலைத் தாளில் வைத்தார். கோடு பழைய தாளிலிருந்து கிளம்பி, ஒட்டிய இடத்தில் ஒருமுறை தட்டி ஏறி, புதிய தாளில் போக ஆரம்பித்தது.