இந்த வருஷம் ஜீவிதாவின் முறை

கல்யாணமான மறு மாதமே ஜீவிதாவும் கமலேஷும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இருவரும் ஒரே கல்லூரியில் பல் மருத்துவம் படித்தவர்கள். இருவருக்குமே மேலே படிக்க ஆசை. ஆனால் கோத்தகிரி கடைவீதியில் ஒரு மாடியறையைப் பிடித்துக் கிளினிக் திறந்தாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் புத்தகத்தோடு உட்கார முடியாது. அதனால் ஒருவர் எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற வருஷம் மற்றவர் கிளினிக்கைப் பார்த்துக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் வருஷம் கமலேஷ் படித்தான். கிடைக்கவில்லை. "கொஞ்சத்துல போயிடுச்சு ஜீவி. இன்னொரு தடவை எழுதினா நிச்சயம்" என்றான். ஜீவிதா தன் முறையை விட்டுக்கொடுத்தாள். அந்தத் தடவையும் போயிற்று. மூன்றாவது வருஷம் அவள் எதுவும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்த புத்தகங்களைத் தன் பக்கம் இழுத்து அடுக்கிக்கொண்டாள். அவனும் மறுப்புச் சொல்லவில்லை.

ஆனால் படிப்பதற்கு வீடு விட வேண்டுமே. தேயிலைக்கு விலை இல்லாமல் போய் வருஷக்கணக்காகிவிட்டது. பறிக்க ஆள் வைத்தால் இலையே கூலிக்குக் காணாது. மாமனார் சுடலைமுத்துவும் மாமியார் பேச்சியம்மாவும் தங்கள் துண்டுத் தோட்டத்தில் தாங்களே இலை பறித்தார்கள். விடிந்ததும் அவர்கள் கூடையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டால் அடுப்படி ஜீவிதாவுடையது. அரிசி கொதிக்கும்போது முக நரம்பின் ஐந்து கிளைகளையும் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். நான்காவது வரும்போது கஞ்சி பொங்கி வழியும். அடுப்பைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பால்பல் எந்த மாதத்தில் முளைக்கும், எந்தச் சுரப்பியில் எந்தக் கட்டி வரும் என்று எழுதி ஒட்டிய தாள்கள் அடுப்பு ஆவியில் சுருண்டு சுருண்டு விழுந்தன. ஒட்டி ஒட்டி அலுத்துப்போய் கடைசியில் விட்டுவிட்டாள்.

மாலையில் கமலேஷ் வருவான். "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்பாள்.

"எங்க வர்றாங்க? ஒருத்தர் ரெண்டு பேர். தேயிலை இப்படிக் கிடந்தா பல்லுக்கு யாரு செலவு பண்ணுவாங்க?"

அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவள் கிளினிக்கில் உட்கார்ந்திருந்த வருஷங்களிலேயே அப்படித்தான். காப்பாற்றக்கூடிய பல்லோடு வருவார்கள். வேர் சிகிச்சை செய்யலாம் என்றால், "வேண்டாங்கம்மா, புடுங்கிடுங்க" என்பார்கள். நல்ல வேருள்ள பல்லைப் பிடுங்கித் தட்டில் போடும்போதெல்லாம் அவளுக்கு ஏதோ தப்புச் செய்த மாதிரி இருக்கும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது மார்க்கெட்டில் அன்னக்கிளியைப் பார்த்தாள். பக்கத்து எஸ்டேட்டில் இலை பறிக்கிறவள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். முக்காட்டை இழுத்து ஒரு கன்னத்தை மறைத்திருந்தாள். ஜீவிதா விலக்கிப் பார்த்தாள். இடது தாடை வீங்கிப் பளபளத்தது.

"என்னங்க இது? இவ்வளவு வீங்குற வரைக்கும் வராம இருந்துட்டீங்களே!"

"வந்தேனே டாக்டரம்மா. லீவு போட்டுட்டு மூணு தரம் வந்தேன். மூணு தரமும் உங்க ரூம் பூட்டு. கீழக் கடையில கேட்டா, டாக்டரு உள்ளதான் இருக்காரு, தட்டினா தொறக்க மாட்டாருங்குறாங்க."

ஜீவிதாவுக்கு முதலில் புரியவில்லை. காய்கறிப் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு, "வாங்க என்கூட" என்று அவளை அழைத்துக்கொண்டு கடைவீதிக்கு நடந்தாள்.

கிளினிக் கதவு சாத்தியிருந்தது. தன்னிடமிருந்த சாவியால் திறந்தாள். தடுப்புக்குப் பின்னால் கமலேஷ் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தான். மேசை முழுக்கப் பழைய வினாத்தாள்கள். காதில் இயர்போன். செல்போனில் யாரோ கரும்பலகையில் தாடை எலும்பை வரைந்துகொண்டிருந்தார்கள்.

அவன் எழுந்தான். இயர்போனைக் கழற்றக்கூட மறந்துவிட்டான்.

"எப்ப இருந்து?" என்றாள்.

"ஆடியில இருந்து."

"அப்ளை பண்ணியாச்சா?"

தலையாட்டினான்.

அவளுக்குக் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் கத்துவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டு, தேயிலை மேல பழியப் போட்டியே கமலேஷ்."

"உனக்குக் கிடைச்சுடும்னு எனக்குத் தெரியும்" என்றான் அவன். "கேள்வி கேட்டா நீ பதில் சொல்ற வேகத்துலயே தெரியுது. நீ போயிட்டா நான் இங்க என்ன பண்றது? நாள் பூராப் புடுங்கிட்டு உக்காந்திருக்கறதா? அதுக்கா அஞ்சு வருஷம் படிச்சேன்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ மறுபடியும் விட்டுக்கொடுத்துருவே. அதான் சொல்லல."

அது உண்மையா, அந்த நேரத்துக்குக் கிடைத்த சாக்கா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம் என்று பட்டது. அதுதான் இன்னும் அயர்ச்சியாக இருந்தது.

படியில் நின்றிருந்த அன்னக்கிளி மெல்ல இருமினாள். "நான் இன்னொரு நாள் வாறேன் டாக்டரம்மா. நீங்க பேசுங்க."

"இன்னொரு நாளா? உள்ள வாங்க" என்று ஜீவிதா எழுந்து கை கழுவினாள். கமலேஷ் வினாத்தாள்களை வாரி ஓரம் வைத்துவிட்டு வெந்நீர் வைத்தான். அவள் மரத்துப்போகும் ஊசி போட்டாள். அவன் விளக்கைத் திருப்பிப் பிடித்தான். ஈறில் கீறியதும் சீழ் கொட்டியது. அன்னக்கிளி கண்ணை இறுக மூடி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரியில் ஒரே மேசையில் வேலை செய்த பழக்கத்தில், அவள் கை நீட்டுமுன்பே வேண்டியதை அவன் எடுத்துக் கொடுத்தான். அதைக் கவனித்தபோது ஜீவிதாவுக்குக் கோபம் திரும்ப வந்தது. இவ்வளவு ஒத்துப்போகிறவன் எப்படி மாதக்கணக்கில் ஒளித்து வைத்தான்?

"பல்லு போயிருச்சாம்மா?" என்று கொழகொழத்த வாயோடு கேட்டாள் அன்னக்கிளி.

"போகல. வீக்கம் வத்தினதும் வாங்க. காப்பாத்திடலாம்."

"எதுக்குங்க, புடுங்கிடுங்களேன்."

ஜீவிதா மாத்திரைச் சீட்டை எழுதினாள். அன்னக்கிளி அடுத்த வாரம் வந்தாள், அதற்கடுத்த வாரம் வரவில்லை. சிகிச்சை பாதியில் நின்றது.

தேர்வுக்கு முந்தின நாள் இருவரும் ஒரே பஸ்ஸில் கோயமுத்தூருக்கு இறங்கினார்கள். வழியில் ஓர் இடத்தில், தேயிலைத் தொழிற்சாலை திருப்பி அனுப்பிய பச்சை இலையை யாரோ சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெயிலில் கறுத்து நாறியது. கமலேஷ் ஜன்னலைச் சாத்தினான். பஸ் மேட்டுப்பாளையத்தில் நின்றது. அங்கே டீ குடிக்கும்போது அவன், "ஈறு நோய் வகைப்பாட்டைப் புதுசா மாத்தியிருக்காங்களே, பார்த்தியா?" என்றான். பார்க்கவில்லை என்றாள். கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை அதை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். மறுநாள் கணினித் திரையில் அதிலிருந்து ஒரு கேள்வி வந்தது. சரியான விடையைத் தொடும்போது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

முடிவு வந்த அன்று தொழிற்சாலை மறுபடியும் இலை வாங்கவில்லை. சுடலைமுத்து மூட்டைகளை வண்டியோடு திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கியிருந்தார். பேச்சியம்மா இலை புழுங்கிவிடாமல் இருக்கச் சாக்கில் பரப்பிக்கொண்டிருந்தாள், பரப்பி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும். ஜீவிதாவுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு வந்திருந்தது. கமலேஷுக்கு வரவில்லை. போன தடவையைவிடவும் பின்தங்கியிருந்தான்.

கலந்தாய்வில் அவள் ஆசைப்பட்ட வேர் சிகிச்சைப் பிரிவு முன்னாலேயே முடிந்துவிட்டது. ஈறு சிகிச்சைப் பிரிவு இருந்தது, சென்னையில். அதைக் கமலேஷிடம் சொன்னபோது அவன் செல்போனைப் பார்த்தபடி, "இந்த வருஷம் விட்டுட்டு அடுத்த வருஷம் எழுதினா நீ நினைச்சது கிடைக்கும்" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"இல்ல. எடுத்துக்கறேன்" என்றாள்.

விஷயம் வீட்டில் தெரிந்தபோது பேச்சியம்மா, "மூணு வருஷம் தனியாவா? ஊட்டு வேலைய யாரு பாக்கறது?" என்றாள். சுடலைமுத்து இலைக் கறை படிந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "போகட்டும். ஒருத்தராச்சும் இந்தத் தேயிலைய நம்பாமப் பொழைக்கட்டும்" என்றார். மருமகளிடம் திரும்பி, "அம்மணி, குளிரு இல்லாத ஊருக்குப் போற. உடம்பப் பாத்துக்க" என்றார்.

புறப்படும் நாள் கமலேஷ்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தான். ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தான்.

"கிளினிக்கத் தொறந்து வைப்பியா?" என்றாள்.

"வைக்கறேன்."

"அன்னக்கிளி வந்தா..."

"வந்தா பாக்கறேன் ஜீவி."

அவள் நம்பினாள் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. நேரமாகிறது என்று அவன் பஸ் கிளம்புமுன்பே இறங்கிப் போனான். கிளினிக் பக்கமாகத்தான் போனான். கூட்டம் மறைத்துவிட்டது.

இனி மூன்று வருஷம் மறுபடியும் படிக்க வேண்டும் என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. கண் எரிந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த அம்மாள் மடியில் பீன்ஸ் பையை வைத்துக்கொண்டு, எங்கே போகிறாய், என்ன படிக்கிறாய் என்று விசாரித்தாள். பல் டாக்டர் என்று ஜீவிதா சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, அப்படீங்களா! ஏனுங்க, இந்தக் கடைசிப் பல்லு நாலு நாளா விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க. கொஞ்சம் பாருங்களே."

பதிலுக்குக் காத்திராமல் வாயைத் திறந்தாள். பஸ் முதல் வளைவில் சாய்ந்து இறங்கியது. ஜீவிதா ஒரு கையால் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, செல்போன் விளக்கைப் போட்டு, உள்ளே குனிந்து பார்த்தாள்.