அழிந்த பூவும் சாக்கடையோரப் பூவும்

மனித குலம் இழந்த மலர்களிலேயே மகத்தானது தன் மனைவியின் பெயர் தாங்கிய மலர்தான் என்று எல்லா மேடையிலும் முழங்குவார் தாவர ஆய்வு நிலையத்தின் இயக்குநர். அது செடியில் பூத்திருந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மறுத்துப் பேச ஆளில்லை.

தாவரச் சேகரிப்பு அறையில், பீரோவின் மேல் தட்டில், அந்தப் பூ ஒரே ஒரு தாளில் உலர்ந்து ஒட்டிக் கிடந்தது. உறையில் ‘அழிந்துவிட்டது’ என்று சிவப்பு மை. அடுத்த உறையில் அதே குடும்பம், அதே பேரினம். ‘கவலை இல்லை’ என்று நீல மை. அது சாக்கடையோரம் மண்டுகிற களை. அழிந்ததற்கு இதழடியில் வெள்ளி ரோமம் உண்டு, களைக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மனைவி இறந்த பிறகு, அந்தப் பீரோவைத் திறந்தால் உள்ளே யாரோ இருமினார்கள். ஊழியர்கள் ஜோடி சேர்ந்துதான் அறைக்குள் போனார்கள். இயக்குநர் மட்டும் தனியே போய்க் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பார்.

அழிந்த இனங்களின் பட்டியலைச் சரிபார்க்க இந்த முறை வந்த நிபுணர் அவருடைய மைத்துனி.

“ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிடாதேம்மா. அப்புறம் உங்க அக்கா பேரு உலகத்துல எங்கேயுமே இருக்காது.”

“எழுதறது இருக்கட்டும் அத்தான். பீரோவை அடைச்சுக்கிட்டு நின்னா நான் எப்படிப் பார்க்கறது?”

திறந்தாள். இருமல் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் இதழில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். வெள்ளி ரோமங்கள் கழன்று மிதந்தன. ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள்.

“பூனை முடி, அத்தான்.”

“விளையாடாதே.”

“இந்தப் பூவை ஒட்டின மேசை மேலேயே பூனையை உக்கார வெச்சுக் கொஞ்சினது யாரு? அக்காவுக்கு அந்த முடி பட்டாலே இருமல் வரும். எத்தனை தடவை சொல்லியிருப்பா!”

உள்ளே மறுபடி இருமல். இது தெரிய இத்தனை வருஷம் ஆச்சா என்று கேட்பது போல இருந்தது.

“அப்போ… அவ அழியலையா?”

“வெளியே போய்ப் பாருங்க. தெருவெல்லாம் பூத்துக் கிடக்கா. பேருதான் போச்சு.”

ஒரே இனம், கவலை இல்லை என்று அவள் எழுதி முடிப்பதற்குள் இயக்குநர் கோட்டோடு வெளியே ஓடினார். சாக்கடை ஓரம் மண்டியிட்டு, ஒரு செடியை இரு கையாலும் பற்றிக்கொண்டார். “மன்னிச்சிடும்மா” என்று தேம்பினார். பின்னால் ஊழியர்கள் தலைகுனிந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்.

மைத்துனி கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள். அவளும் தலைகுனிந்து நின்றாள்.

அது கத்தரிச் செடி.