காப்பிப்பழக் கிலுகிலுப்பை

சுகுணாவின் கை இறுக்கமான கை. குரோஷா ஊசியால் அவள் போடும் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே குண்டூசியை நுழைக்க முடியாது. மலைமேல் வெள்ளக்கடையில் எஸ்டேட் லைன் வீட்டில் உட்கார்ந்து அவள் பின்னிய சாவிக்கொத்துகளையும் மொபைல் பைகளையும் பார்த்த டூரிஸ்ட்டுகள், மெஷினில் போட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்ட அன்றைக்கெல்லாம் அவள் ஒரு கரண்டி சோறு அதிகமாகச் சாப்பிடுவாள்.

பின்னுவதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. அவளுக்கு மண்டைக்குள் புதுசு புதுசாக ஏதாவது முளைத்துக்கொண்டே இருக்கும். மிளகுக்கொடி மாதிரி ஒரு தலைப்பட்டை, ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒரு சில்லறைப் பை. எதையும் நாலைந்து தடவை பிரித்துப் பிரித்துப் போட்டு, சரியாக வந்த பிறகு எத்தனை செயின், எந்த ரவுண்டில் எத்தனை கண்ணி என்று வரிவரியாக எழுதி, வாட்ஸப் குரூப்பில் சும்மாவே போட்டுவிடுவாள். சேலம், ஆத்தூர், தர்மபுரி என்று எங்கெங்கோ இருக்கிற பெண்கள் அதைப் பார்த்துப் போட்டுப் படம் அனுப்புவார்கள். சுகுணாக்கா பேட்டர்னில் தப்பே இருக்காது என்று அங்கே ஒரு பேச்சு. அந்தப் பேச்சு அவள் காதுக்கு நன்றாகவே எட்டியிருந்தது.

இந்த மழைக்கு முன்னால் அவள் போட்டது காப்பிப்பழக் கிலுகிலுப்பை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பரிசாகக் கொடுக்க. சிவப்பு நூலில் உருண்டையாக ஒரு பழம், மேலே பச்சைக் காம்பு, பிடித்துக்கொள்ள ஒரு வளையம். ஆட்டினால் சத்தம் வர வேண்டுமே? பாசிமணி போட்டுப் பார்த்தாள், பிடிக்கவில்லை. களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டையை அதன் வெளிர் மஞ்சள் தோலோடு எடுத்து, பஞ்சுக்கு நடுவே ஏழு வைத்துத் தைத்தாள். கிலுகிலு என்று அப்படி ஒரு சத்தம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த மாதிரி சின்னச் சாமான்களுக்கு அளவுத் துண்டு போட்டுப் பார்க்கச் சொல்லி யாரும் எழுதுவதில்லை. சட்டை என்றால் முதலில் கையகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, உன் கை என் கை மாதிரிதானா என்று அளந்து பார்க்கச் சொல்வார்கள். பொம்மை கொஞ்சம் பெரிதாக வந்தால் என்ன கெட்டுப்போகிறது? சுகுணாவும் அப்படியே எழுதினாள். 'அளவு முக்கியமில்லை. உங்கள் கைக்கு வந்தபடி போடுங்கள்.'

அதைப் படித்துவிட்டு ஆத்தூர் வள்ளி என்று ஒருத்தி குரூப்பில் கேட்டாள், 'அக்கா, எனக்குக் கண்ணி கண்ணியா ஓட்டை தெரியுது. கொட்டை வெளிய வந்துராதுங்களா?' சுகுணா பதில் போட்டாள், 'எனக்கு வரலையே வள்ளி. கையில தெம்பு வெச்சுப் போடுங்க.' பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை இரண்டு. மற்றவர்களும் சிரித்தார்கள். வள்ளி அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் சோறு வடித்துவிட்டுப் போனை எடுத்தபோது, அதே மலையில் இருக்கிற மஞ்சக்குட்டையிலிருந்து கீர்த்திகா ஒரு படம் அனுப்பியிருந்தாள். நேரில் பார்த்துக்கொண்டதில்லை. குரோஷா கற்றுக்கொண்டு கொஞ்ச நாள்தான் ஆகிறது, முதல் குழந்தைக்கு இப்போதுதான் உட்காரத் தெரிகிறது, வீடு மளிகைக்கடைக்குப் பின்னால் என்பதெல்லாம் குரூப்பில் பேசித் தெரிந்தது. படத்தில் அந்தக் குழந்தை, பல்லில்லாத வாயில் காப்பிப்பழத்தைக் கவ்விக்கொண்டு சிரித்தது. 'நீங்க எழுதுன மாதிரியே போட்டனுங்கக்கா. ராத்திரிகூட விட மாட்டேங்கிறா.'

முதலில் வந்தது பெருமைதான். காம்பு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினாள். கீர்த்திகாவின் கை தளர்ந்த கை. எச்சிலில் ஊறி உல்லன் இன்னும் தொய்ந்திருந்தது. கண்ணிகளுக்கு நடுவே வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது. ஓரிடத்தில் பஞ்சும் இல்லை. வெளிர் மஞ்சளாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. குழந்தையின் உதட்டுக்கு விரல்கடை தூரத்தில் காப்பிக்கொட்டை.

'அதப் புள்ளைகிட்டருந்து உடனே வாங்கிரு கண்ணு' என்று அடித்தாள். ஒற்றை டிக்கோடு நின்றது. கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டாள். இரண்டு நாளாக மழை. மலைக்கு மேலே கரண்ட் போனால் டவரும் சேர்ந்து போய்விடும். படம் காலையில் வந்தது. காலையிலிருந்து அந்தக் குழந்தை எவ்வளவு சப்பியிருக்கும்? கணவன் ராஜ்குமார் லோடு ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கிவிட்டான். அவள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அடுப்பை அணைத்தோமா என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. எரிந்தால் எரியட்டும் என்று போனாள்.

பனி இறங்கியிருந்தது. ஹெட்லைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. வளைவுக்கு வளைவு ஹாரனை அழுத்திக்கொண்டே போனாள். மனசு சும்மா இருக்கிறதா? ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாவு வீட்டைக் காட்டியது. மளிகைக்கடைக்கு முன்னால் கூட்டம், நடுவில் ஒரு பெண் மண்ணில் புரண்டு அழுகிறாள், கையில் சிவப்பு நூல். 'சாமி, சாமி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினாள். எந்தச் சாமி என்று அவளுக்கே தெரியாது.

ஒரு திருப்பத்தில் ரோட்டின் நடுவே கறுப்பாக என்னவோ நின்றது. பாறை உருண்டுவிட்டதோ என்று நினைத்துப் பிரேக் பிடித்தாள். அது மூச்சு விட்டது. காட்டெருமை. ஹாரன் அடித்தால் முட்டித் தூக்கிவிடும். திரும்பிப் போனால் வேறு வழியில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு அசையாமல் நின்றாள். அது அவளை நிதானமாகப் பார்த்தது, ரோட்டோரப் புல்லில் ஒரு வாய் பிடுங்கியது, மென்றது. எருமைக்கென்ன அவசரம்? போ தாயி, போயிரு தாயி என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தனக்காகப் பயப்படக்கூட அப்போது அவளுக்கு நேரமில்லை. கடைசியில் அது சில்வர் ஓக் மரங்களுக்குள் இறங்கிப் போனது.

மஞ்சக்குட்டையில் மளிகைக்கடைக்கு முன்னால் கூட்டம் இல்லை. அதைப் பார்த்தே பாதி உயிர் வந்தது. பின்பக்க வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஓர் இளவயதுக்காரன் மிளகு புடைத்துக்கொண்டிருந்தான். சொட்டச் சொட்ட நனைந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற பொம்பளையைப் பார்த்து முறத்தை வைத்துவிட்டு எழுந்தான்.

"யாருங்க? என்ன வேணுமுங்க?"

"கீர்த்திகா ஊடு இதுதானுங்களா? பாப்பா எங்கீங்க?"

"கீர்த்திகா தோட்டத்துக்குப் போயிருக்குதுங்க. நான் பிரபாகருங்க, அவ ஊட்டுக்காரன். நீங்க யாருன்னு சொல்லுங்க மொதல்ல."

"வெள்ளக்கடை சுகுணாங்க. கிலுகிலுப்பை பேட்டர்ன் எழுதுனது நாந்தான். பாப்பா எங்கீங்க?"

அவன் முகம் மலர்ந்தது. "அட, நீங்களா அக்கா! நொம்ப நல்லா இருக்குதுங்க அது. பாப்பா அதப் புடிச்சுட்டேதான் தூங்குறா. டீ வெக்கட்டுங்களா?"

மூலையில் தொங்கிய தூளியை அவள் விலக்கினாள். குழந்தை மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. மார்பு ஏறி இறங்கியது. சுகுணா அதை ஒரு தடவை பார்த்து நம்பாமல் மறுபடியும் பார்த்தாள். காப்பிப்பழம் இடுப்போரம் கிடந்தது. மெதுவாக எடுத்தாள். ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. பக்கவாட்டில் ஒரு கண்ணி பெருவிரல் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது.

சேலைத் தலைப்பில் பஞ்சை உதிர்த்துக் கொட்டைகளை எண்ணினாள். ஆறு. பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தேடினாள். ஆறுதான்.

"எத்தனை வெச்சாங்கன்னு தெரியுமுங்களா? கொறச்சு வெச்சிருப்பாங்களா?"

"நாந்தானுங்கக்கா எண்ணிக் குடுத்தேன்" என்றான் பிரபாகர், பெருமையோடு. "ஏழு. நீங்க ஏழுன்னுதானுங்க எழுதியிருந்தீங்க."

அவள் தரையில் மண்டியிட்டுப் பாய்க்கு அடியில் தடவினாள், தூளித் துணியின் மடிப்புகளில் தடவினாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனும் குனிந்து தேடினான். அவன் கைபட்டு முறம் கவிழ்ந்து மிளகு வீடெல்லாம் ஓடியது. இனி எந்தக் கொட்டையை எங்கே தேடுவது?

சுகுணா மறுபடி குழந்தையைப் பார்த்தாள். இடது கன்னம் வலது கன்னத்தைவிடக் கொஞ்சம் உப்பியிருந்தது.

"வாயில இருக்குது" என்றாள்.

பிரபாகர் பாய்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுப்பிறாதீங்க. திடுக்குன்னு எந்திரிச்சு அழுதா மூச்சோட உள்ள போயிரும். வெரலையும் உட்றாதீங்க, தள்ளிரும்."

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்து என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி என்றால் அதே பனி, அதே வளைவுகள். குலுங்குகிற வண்டியில் குழந்தை விழித்துக்கொள்ளும். அவள் கை தானாக, எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் குரோஷா ஊசிக்குப் போனது. தொட்டதும் நெருப்பைத் தொட்ட மாதிரி விட்டுவிட்டாள்.

தூளிக்குள் இரண்டு கையையும் விட்டு, குழந்தையை மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்தி ஒருக்களிக்கத் திருப்பினாள். அது சிணுங்கியது. இருவரும் சிலையாக நின்றார்கள். சிணுங்கல் அடங்கியது. மெல்லத் தூக்கித் தன் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, இன்னொரு கையின் கட்டைவிரலால் தாடையைத் தொட்டாள். இறுக்கிப் பிடித்தே பழகிய கை. அந்த விரலை எவ்வளவு லேசாக வைக்க முடியுமோ அவ்வளவு லேசாக வைத்தாள். வாய் திறந்தது. எச்சில் நூலாக இறங்கியது. வேறொன்றும் வரவில்லை. பிரபாகர் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவள் கையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

காப்பிக்கொட்டை தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவள் ஆசைப்பட்டுச் சேர்த்த அதே சத்தம்.

குழந்தை தூங்கிக்கொண்டேதான் இருந்தது. பிரபாகர் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்தபோதுதான் விழித்து ஊரைக் கூட்டியது. அந்த அழுகைக்கு நடுவே கீர்த்திகா கூடையோடு வாசலில் வந்து நின்றாள். மெலிந்த, சின்னப் பெண். கணவன் சொன்னதைக் கேட்டதும் கூடையை நழுவவிட்டுக் குழந்தையைப் பறித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுகுணாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஒரு கண்ணிகூடத் தப்பாப் போடலீங்களேக்கா. வரிக்கு வரி நீங்க சொன்ன மாதிரிதானுங்களே போட்டேன்."

"நீ தப்பே பண்ணல கண்ணு" என்றாள் சுகுணா. "என் கைய மட்டும் நெனச்சு எழுதிட்டேன். தப்பு என்னுது."

பிரபாகர் டீ வைக்கட்டுமா என்று இப்போது கேட்கவில்லை. சுகுணா கிலுகிலுப்பையையும் ஏழு கொட்டைகளையும் சேலையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

மேட்டில் ஏறியதும் போனுக்கு ஒரு கோடு சிக்னல் வந்தது. குரூப்பைத் திறந்து, பேட்டர்னை எல்லோரிடமிருந்தும் நீக்கப் பார்த்தாள். நாளாகிவிட்டது, அந்த வசதி போய்விட்டது. அவளிடமிருந்து மட்டும் நீக்கலாம் என்றது. அதனால் யாருக்கு என்ன லாபம்? பேட்டர்னுக்குக் கீழே, பார்த்துப் போட்டவர்கள் அனுப்பிய படங்கள் வரிசையாக இருந்தன. இவர்களுக்காவது சொல்லிவிடலாம். இவர்கள் யார் யாருக்கு அனுப்பினார்களோ, அவர்களுக்கு யார் சொல்வது? முகம் தெரியாத எத்தனை தொட்டிலில், எத்தனை தூளியில் அந்தச் சிவப்பு உருண்டை கிடக்கிறதோ?

முதலில் நினைவுக்கு வந்தது வள்ளிதான். கண்ணி கண்ணியாக ஓட்டை தெரியுது என்று சொன்னவள். நம்பரைப் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடு தாயி, எடு. கடைசியில் எடுத்த சத்தம் கேட்டது. ஹலோவுக்கு முன்னால் வந்தது ஒரு குழந்தையின் வீறிட்ட அழுகை.

"வள்ளி! பாப்பாவுக்கு என்னாச்சு?"

"சுகுணாக்காவுங்களா? ஒண்ணுமில்லீங்க. அந்தக் கிலுகிலுப்பையப் புடுங்கி பீரோ மேல வெச்சுட்டனுங்க. தெனம் அதப் பாத்துட்டுக் கத்துறா."

சுகுணா நனைந்த கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓர் அழுகை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. "ஏன் புடுங்கின வள்ளி?"

"ஓட்டை ஓட்டையா இருந்துதுங்க. கொட்டை வந்துருமோன்னு எனக்கு ஒரே பயமுங்க." வள்ளி கொஞ்சம் தயங்கினாள். "குரூப்புல மறுக்காவும் சொல்லலாம்னுதான் இருந்தேன். எல்லாரும் சிரிச்சீங்களா... அதான் சொல்லாம உட்டுட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

மேட்டுக்குக் கீழே பனிக்குள் கீர்த்திகாவின் வீடு மறைந்திருந்தது. அந்தக் குழந்தையின் அழுகை இன்னும் இங்கே வரைக்கும் கேட்டது. இரண்டு காதிலும் இரண்டு குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. சுகுணாவும் அழுதாள்.

"இப்பச் சொல்லு வள்ளி" என்றாள். "குரூப்புல நீயே சொல்லு. ஓட்டை தெரியுது, புள்ளைகிட்டக் குடுக்காதீங்க, குடுத்தவங்க உடனே புடுங்கிருங்கன்னு உன் வாயாலயே சொல்லு. உனக்குக் கீழ நான் சொல்றேன், வள்ளி சொன்னதுதான் சரின்னு. சீக்கிரம் கண்ணு. யாரும் சிரிக்க மாட்டாங்க."