வத்தல் குரூப்பும் பாண்டித்துரையின் ரோஜாப்பூவும்

பாண்டித்துரையை ஒரு வாட்ஸ்அப் குரூப்பை விட்டுத் தூக்கும் துணிச்சல் சிக்கல் ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. அது அவர் மதினி நாகலெட்சுமி.

குரூப்பின் பெயர் ‘வத்தல்’. களத்தில் மிளகாய் காயும் பங்குனியில் கோடைமழை கிளம்பினால், மேற்கே சாயல்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் காளிராஜ் முதலில் பார்த்து ‘வருது’ என்று போடுவான். ஊரே தார்ப்பாயோடு களத்துக்கு ஓடும். அங்கே அவ்வளவுதான் பேச்சு. அதில் போய் பாண்டித்துரை தினமும் காலையில் பனித்துளியோடு ஒரு ரோஜாப்பூவும், அடியில் தன் படமும் போட்டார். மதினி பொறுத்துப் பார்த்தாள். பிறகு தூக்கிவிட்டாள்.

ரோஷம் வராதா? மதுரையில் ஆள் பிடித்து ‘சிக்கல் சங்கமம்’ என்று ஒரு ஆப்பே செய்துவிட்டார். சந்தை விலை, வரன், இரங்கல், வானிலை, பிறந்தநாள், எல்லாம் ஒரே இடத்தில். திறப்பு விழா ஃபிளெக்ஸில் பூமியை ஒற்றை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். பிரியாணி போட்டதால் ஊரே சேர்ந்தது.

“மதினி, இனி ஒங்க வத்தல் எதுக்கு? எல்லாந்தான் இங்கன இருக்குல்ல?”

“அதான் கொழுந்தனாரே பயமா இருக்கு.”

பங்குனியிலேயே அவருக்குப் பிறந்தநாள் வந்தது. அந்த வருஷத்து வெள்ளாமை மொத்தமும் களத்தில் செக்கச்செவேலென்று கிடந்தது. அவரோ ஃபேனுக்கு அடியில் சாய்ந்து, சங்கமத்தில் குவிந்த ‘விடிவெள்ளியே’, ‘இமயமே’ எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் காளிராஜின் ‘வருது’ம் வந்தது. படிக்காமலே அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

தகரத்தில் சொட்டு விழுந்த பிறகுதான் இமயம் எழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்கு ஓடினார். நனைந்தால் வத்தல் வெளுத்துப்போகும், யாரும் சீந்தமாட்டார்கள்.

களத்தில் அவர் வத்தலுக்கு மேல் தார்ப்பாய் கிடந்தது. மூலைக்கு ஒரு கல். பக்கத்தில் தொப்பலாக நனைந்தபடி நாகலெட்சுமி மூச்சு வாங்கினாள்.

“நல்லவேளை, காளிராஜு வத்தல்லயும் போட்டான். ஒங்களுதுல போட்டதுக்குக் கும்பிடு வந்துச்சாம். மழையவுமா கும்பிடுவாக?”

பாண்டித்துரை துண்டால் முகத்தைத் துடைத்தார். “என்னைய மறுபடியும் சேத்துக்கங்க மதினி.”

“ரோஜா?”

“அதை அங்கனயே வச்சுக்கிறேன்.”

சேர்த்தாள். சங்கமமும் சாகவில்லை. ரோஜா பிடித்தவர்கள் விடிந்ததும் அங்கே போனார்கள். நாகலெட்சுமியே எட்டிப் பார்ப்பதாகக் கேள்வி.

அடுத்த வாரம் மேகம் சாயல்குடி வழி வராமல் வடக்கேயிருந்து கிளம்பியது. காளிராஜ் கண்ணில் பட வழியில்லை. மொட்டைமாடியில் நின்ற பாண்டித்துரை பார்த்துவிட்டார். வத்தலில் ‘அன்பார்ந்த சிக்கல் வாழ் பெருமக்களே’ என்று தொடங்கினார். அழித்தார். ‘வருது’ என்று மட்டும் போட்டார்.

யாரும் கும்பிடவில்லை. களத்துப் பக்கம் தார்ப்பாய்கள் படபடவென்று விரியும் சத்தம் கேட்டது. ஆகா, என்ன சத்தம்! கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தவருக்குத் தன் வத்தல் ஞாபகம் வந்தது. விழுந்தடித்துப் படியிறங்கி ஓடினார்.