முதல் சீட்டு

கெய்ரோக் கிழவர் பயூமி யாரையும் நம்பமாட்டார். மகன் ஹம்தி வலிமாத்திரைக்கு அடிமையாகிக் கிடந்தான். இலவச ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க மாதக்கணக்காகும். தனியாரிடமோ முன்பணம் கட்ட வேண்டும். அவர் தெருவில் உள்ள பெண்கள் போடும் சீட்டில், கல்யாண வீட்டுக்குத்தான் முதல் சீட்டு.

"பையனுக்கு நிச்சயம் பண்ணிட்டேன்," என்று பயூமி பொய் சொன்னார்.

பெண்கள் குலவையிட்டார்கள். சீட்டு நடத்தும் உம்மு நஜா மட்டும் வாசல்வரை வந்து பணத்தை நீட்டினாள்.

"பொய் சொல்லவும் ஒரு முகம் வேணும், ஹாஜி. பொண்ணு யாருன்னு நான் கேக்கல. என் மகன் சக்கரியாவுக்கும் இதே கல்யாணப் பொய்யைச் சொல்லித்தான் முதல் சீட்டு எடுத்தேன்."

"சக்கரியாவா? அவன் நல்லாத்தானே ரொட்டி சுடுறான்!"

"இப்போ சுடுறான். ஹம்தியைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."