ரத்தத்தில் ஏறிய ஈயம்

நித்யஸ்ரீக்கு நாலரை வயது. இரண்டு மாதமாக வயிறு வலிக்கிறது என்று அழுதவளுக்கு நாமகிரிப்பேட்டையில் குடல்பூச்சி மருந்துதான் கொடுத்தார்கள். ஒரு நாள் காலை பால் குடிக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தாள். சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் அமுதவல்லி, அவளுடைய அப்பா வேலுமணியிடம் என்ன தொழில் என்று கேட்டார்.

"பேட்டரிக் கடைங்க. லாரில கழட்டுன பழைய பேட்டரிய ஒடச்சு, ஈயத்த உருக்கி விக்கறனுங்க."

"எங்க உருக்கறீங்க?"

"ஊட்டுக்குப் பின்னாலதானுங்க."

டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாத ஈயம் குழந்தையின் ரத்தத்தில் எழுபத்தெட்டு இருந்தது. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்தை ஐந்து நாள் ஊசியாகப் போட்டார்கள். பிறகு மாத்திரை. அளவு முப்பதுக்கு இறங்கியது.

"எலும்புல படிஞ்சது கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்குத் திரும்பும். அதைப் பாத்துக்கலாம். ஆனா புதுசா உள்ள போச்சுன்னா, எத்தனை தடவை மருந்து குடுத்தாலும் வீண்" என்றார் டாக்டர்.

வேலுமணி வீட்டுக்குப் பின்னால் ஈயம் உருக்கிய அடுப்பை இடித்துத் தள்ளினான். இனிமேல் கடையில் பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது மட்டும்தான் என்று மனைவி தனப்பிரியாவிடம் சொன்னான். அவள் தினமும் வீட்டை ஈரத்துணியால் துடைத்தாள்.

மூன்று மாதம் கழித்து அளவு அறுபத்தாறு. எலும்பிலிருந்து மட்டும் இவ்வளவு ஏறாது என்றார் டாக்டர்.

வார்டுக்கு வெளியே வந்ததும் தனப்பிரியா மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, இப்ப எங்க உருக்கறீங்க?"

"சித்தப்பா தோட்டத்துல. ரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான பிரியா. கையக் கழுவிட்டுத்தான் வாரேன்."

"சட்டைய?"

தினமும் சாயங்காலம் அவன் வண்டியை நிறுத்துவதற்குள் குழந்தை ஓடிவந்து ஈயத்தூள் படிந்த அந்தச் சட்டையில்தான் முகம் புதைப்பாள். அவன்தான் தூக்கி வைத்துக்கொள்வான்.

தனப்பிரியா சண்டை போடவில்லை. இரண்டாம் முறை ஊசி முடிந்ததும், பரமத்தி வேலூரில் இருக்கும் அண்ணன் தனசேகர் வீட்டுக்குக் குழந்தையோடு போய்விட்டாள்.

ஒரு வருடத்தில் ஈயம் பதினொன்றுக்கு வந்தது. வலிப்பு நின்றது. ஆனால் முன்பு சரளமாகப் பேசியவள் இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் திணறினாள். கற்றிருந்த எழுத்துகள் போய்விட்டன. ஈயத்தை எடுக்க மருந்து உண்டு, அது மூளையில் கெடுத்ததைத் திருப்பித் தர மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலுமணி கடையை மூடிவிட்டு ஜவ்வரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பரமத்தி வேலூருக்குப் போகிறான். தனப்பிரியா அவனுக்குச் சோறு போடுகிறாள். பேசுவதில்லை.